கோடையில் பனிமலை ஊர்: மலிவு எங்கே, செலவு எங்கே?

கேள்வி: நாங்கள் செங்காங்கில் வசிக்கும் நால்வர் குடும்பம். மகள் உயர்நிலை ஒன்றிலும் மகன் தொடக்கநிலை மூன்றிலும் படிக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜூன் விடுமுறையில் கனடாவின் வான்கூவர் நகரத்துக்கும் அதற்கு அருகிலுள்ள விஸ்லர் என்ற பனிச்சறுக்கு ஊருக்கும் போக விரும்புகிறோம். பயண நிறுவனம் பத்து இரவுகளுக்கு 23,500 வெள்ளி கேட்கிறது, சாப்பாடு தனி. பயணத்துக்கென்று சேர்த்த பணம் ஜூனுக்குள் 11,500 வெள்ளி ஆகிவிடும். மீதி 12,000 வெள்ளிக்கு, ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று விளம்பரம் செய்யப்படும் கடனை இரண்டு ஆண்டுகளுக்கு வாங்கலாமா, அல்லது சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் உள்ள 10,000 வெள்ளியை எடுத்துவிடலாமா? மத்திய சேம நிதிக் கழிவு போக இருவரின் வருமானம் மாதம் 9,200 வெள்ளி, செலவு 6,800 வெள்ளி. வங்கியில் 31,000 வெள்ளி உள்ளது. கணவரின் ஒப்பந்த வேலை ஆகஸ்ட்டில் புதுப்பிக்கப்பட வேண்டும். அவர் இந்தியக் கடப்பிதழ் வைத்துள்ள நிரந்தரவாசி. நானும் பிள்ளைகளும் குடிமக்கள். பனியே இல்லாத பருவத்தில் பனிச்சறுக்கு ஊருக்குப் போவது வீண், டிசம்பரில் போங்கள் என்கிறார் என் நாத்தனார்.

பதில்: கடன் வேண்டாம், பத்திரத்தையும் தொட வேண்டாம். பயணத்தைக் கைவிடவும் வேண்டியதில்லை. உங்கள் திட்டத்தில் ஊர் சரியாக இருக்கிறது, பருவமும் சரியாக இருக்கிறது. இரவுகளைப் பிரித்த விதம்தான் தலைகீழாக இருக்கிறது.

முதலில் நாத்தனாரின் கருத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. விஸ்லருக்கு டிசம்பர் மாதம்தான் முகூர்த்த காலம். கிறிஸ்மஸ் வாரத்தில் அங்கே அறை வாடகை உச்சத்தில் இருக்கும். உச்சப் பருவத்தில் மலையேற்றும் கம்பிவண்டிக்கான ஒரு நாள் பனிச்சறுக்குச் சீட்டு ஆளுக்கு 200 கனடிய டாலருக்கு மேல் போகும். அதன் பிறகு காலணி, சறுக்குப் பலகை, குளிராடை ஆகியவற்றின் வாடகையும், ஒருமுறைகூடச் சறுக்கியறியாத நால்வருக்கான பயிற்சிக் கட்டணமும் சேரும். கோடையில் அதே மலைக்கு, அதே கம்பிவண்டிகளில், வேடிக்கை பார்ப்பவர்களாக அதன் ஒரு பகுதிக் கட்டணத்தில் ஏறலாம். விஸ்லர் மலையையும் பிளாக்கோம் மலையையும் இணைக்கும் பீக் டு பீக் கம்பிவண்டி 2008 டிசம்பரில் திறக்கப்பட்டது, 4.4 கிலோமீட்டர் நீளமுள்ள அது, ஓரிடத்தில் பள்ளத்தாக்குத் தரையிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் செல்கிறது. நம் புக்கிட் தீமா குன்று இரண்டரை மடங்கு உயர்ந்து நின்றாலும் அந்த உயரத்தை எட்டாது. மேலும், ஜூன் மாதத்தில் மலையுச்சிப் பகுதியில் பனி முழுவதும் உருகிவிடுவதில்லை. பாதைக்காக வெட்டி ஒதுக்கப்பட்ட பனி, சுவர்போல இருபுறமும் நிற்பதைப் பார்க்கலாம். உச்சியிலுள்ள சில நடைபாதைகள் ஜூலையில்தான் திறக்கும் என்பது ஒரு குறைதான். ஆனால் பிள்ளைகள் பனியைக் கையில் அள்ள வேண்டும் என்பதே ஆசையானால், அதற்கு டிசம்பர் விலை கொடுக்கத் தேவையில்லை.

இனி, விலைப்புள்ளிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தாளின்படி விமானச் சீட்டு 8,000 வெள்ளி. வான்கூவரில் இரண்டு அறைகள், ஏழு இரவுகள், 5,880. விஸ்லரில் இரண்டு அறைகள், வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவுகள், 2,280. ஓட்டுநருடன் வேன் 3,600. நுழைவுச்சீட்டுகளும் வழிகாட்டியும் 2,900. காப்புறுதியும் சேவைக் கட்டணமும் 840. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். மலை ஊருக்காக நீங்கள் கொடுப்பது 2,280 வெள்ளி. அதைச் சுற்றியுள்ளவற்றுக்கு 21,220 வெள்ளி.

கோடையில் மலிவாக இருப்பது மலை, நகரம் அல்ல. வான்கூவர் அலாஸ்கா செல்லும் உல்லாசக் கப்பல்கள் புறப்படும் துறைமுகம். இளவேனிலில் தொடங்கும் அந்தப் பருவம் இலையுதிர்காலம் வரை நீடிப்பதால், கப்பலேறுவதற்கு முன்னும் பின்னும் தங்குபவர்கள் நகர விடுதிகளை நிரப்புகிறார்கள். விஸ்லரிலோ, குளிர்காலக் கூட்டத்துக்காகக் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான அறைகள் கோடை வாரநாள்களில் ஆளுக்காகக் காத்திருக்கின்றன. வார இறுதியில் வான்கூவர்வாசிகளே காரில் ஏறி வந்துவிடுவதால் அப்போது மட்டும் விலை ஏறும். உங்கள் பயண நிறுவனம் மலிவான ஊரில் மிகக் குறைந்த இரவுகளை, அதுவும் விலை கூடிய வார இறுதியில் வைத்து, விலை கூடிய நகரத்தில் ஏழு இரவுகளை வைத்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: வான்கூவர் இருக்கும் மாநிலத்துப் பள்ளிகளுக்கு ஜூன் இறுதியில்தான் கோடை விடுமுறை தொடங்குகிறது. நம் பிள்ளைகளின் விடுமுறை அதற்கு முன்பே வந்துவிடுவது, சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு அரிதாகக் கிடைக்கும் ஒரு சலுகை.

ஆகவே, ஒன்பது இரவுகளாகக் குறைத்து, ஞாயிறு முதல் வெள்ளி வரை ஐந்து இரவுகளை விஸ்லரிலும் நான்கு இரவுகளை வான்கூவரிலும் வையுங்கள். விஸ்லரில் இரண்டு அறைகளுக்குப் பதிலாகச் சமையலறையுடன் கூடிய ஒரே வீட்டை எடுங்கள். இரவுக்கு 350 டாலருக்கு மேல் போகாதீர்கள். வான்கூவரில் இரண்டு பெரிய கட்டில்கள் உள்ள ஓர் அறைக்கு 400 டாலரை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். கனடிய டாலர் நம் வெள்ளியைவிடச் சற்று மதிப்புக் குறைந்தது என்றாலும், திட்டமிடும்போது இரண்டையும் சமமாகவே கொள்ளுங்கள். அந்த வித்தியாசம் கையிருப்பாக இருக்கட்டும்.

அங்கே காட்டப்படும் விலையில் வரி அடங்காது என்பதை மறக்க வேண்டாம். விஸ்லர் விடுதிகளில் மத்திய, மாநில, ஊராட்சி வரிகள் சேர்ந்து 16 விழுக்காடு. வான்கூவரில் அதைவிடக் கூடுதல். உணவகத்தில் 5 விழுக்காடு பொருள் சேவை வரியுடன் 15 முதல் 20 விழுக்காடு வரை அன்பளிப்பும் எதிர்பார்க்கப்படும். அரிசி, காய்கறி, பால் போன்ற அடிப்படை மளிகைக்கு வரி இல்லை. காலை உணவையும் இரவுச் சோற்றையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டால், நால்வருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளுக்கு 160 வெள்ளியில் அடங்கும். ஒரு சிறு பொட்டலம் ரசப்பொடி, பயணத்தின் ஆறாம் நாளில் எத்தனை வெள்ளியை மிச்சப்படுத்தும் என்பதை எந்தக் கணக்கேட்டிலும் எழுத முடியாது.

வேனுக்கு 3,600 வெள்ளி கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை. வான்கூவரிலிருந்து விஸ்லர் சுமார் 120 கிலோமீட்டர். 2010 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளுக்காக மேம்படுத்தப்பட்ட நெடுஞ்சாலையில் பேருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொண்டுசேர்க்கும். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ரயில் இருக்கிறது. விமான நிலையத்தில் வாங்கும் ரயில் சீட்டுக்குச் சிறு கூடுதல் கட்டணம் உண்டு, அவ்வளவுதான். வழியில் ஷேனன் அருவியையும் ஸ்குவாமிஷ் ஊரையும் நின்று பார்க்க வேண்டுமானால், ஒரு நாள் மட்டும் வாடகைக் கார் எடுங்கள். சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் சுற்றுப்பயணிக்கு அங்கே செல்லும்; சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் தயக்கமிருந்தால் அதையும் விட்டுவிடலாம். போக்குவரத்துக்கு மொத்தம் 900 வெள்ளி போதும்.

நுழைவுச்சீட்டுகளைப் பொறுத்தவரை, கம்பிவண்டிக்கு ஒரு நாள், பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் இன்னொன்றுக்கு ஒரு நாள் என்று 1,150 வெள்ளி ஒதுக்குங்கள். விஸ்லரின் லாஸ்ட் ஏரியும் பள்ளத்தாக்கு நடைபாதையும் இலவசம். வான்கூவரில் ஏறத்தாழ 400 ஹெக்டர் பரப்புள்ள ஸ்டான்லி பூங்காவும் இலவசம். கபிலானோ தொங்குபாலத்துக்குக் கட்டணம் கணிசமானது. லின் பள்ளத்தாக்கில் உள்ள தொங்குபாலத்துக்குக் கட்டணமே இல்லை, அதுவும் ஆடத்தான் செய்கிறது.

இப்படிப் பார்த்தால் விமானம் 8,000, தங்குமிடம் வரியுடன் 3,950, போக்குவரத்து 900, நுழைவுச்சீட்டு 1,150, உணவு 1,600, விசாவும் காப்புறுதியும் 500 என மொத்தம் 16,100 வெள்ளி. உங்களிடம் 11,500 இருக்கும். ஆண்டிறுதியில் 13வது மாதச் சம்பளமாக 5,200 வெள்ளி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதியைச் சேர்த்தால் 14,100. பற்றாக்குறை 2,000 வெள்ளி. எஞ்சியுள்ள எட்டு மாதங்களில் மாதம் 250 வெள்ளி கூடுதலாக ஒதுக்கினால் அது அடைபடும். ஆனால் அதைப் பிள்ளைகளின் கல்விச் சேமிப்பிலிருந்து எடுக்காமல், வெளியில் சாப்பிடும் செலவிலிருந்து எடுக்க வேண்டும்.

கடன் ஏன் வேண்டாம் என்கிறேன்? 3 விழுக்காடு என்பது முழு அசலுக்கும் இரண்டு ஆண்டுகளும் போடப்படும் வட்டி. நீங்களோ மாதந்தோறும் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். மாதத் தவணை 530 வெள்ளி, உண்மையான வட்டி விகிதம் ஐந்தரை விழுக்காட்டைத் தாண்டும். தொடக்கத்திலேயே 2 விழுக்காடு செயலாக்கக் கட்டணம் பிடித்தால் ஏழரையையும் தாண்டும். வட்டியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 530 வெள்ளிதான்: ஆகஸ்ட்டில் கணவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டாலும் அது மாதாமாதம் வந்து கதவைத் தட்டும்.

அதே காரணத்தால்தான் பத்திரத்தையும் தொட வேண்டாம் என்கிறேன். அதை எடுப்பது எளிது. இரண்டு வெள்ளிக் கட்டணத்தில் விண்ணப்பித்தால் அடுத்த மாதத் தொடக்கத்தில் பணம் கைக்கு வந்துவிடும். "சும்மாதானே கிடக்கிறது" என்ற சொல்லை நான் கேட்காத மாதம் இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் நிதித் துறைச் சங்கங்களுடன் 2023ல் வெளியிட்ட அடிப்படை நிதித் திட்டமிடல் வழிகாட்டி, மூன்று முதல் ஆறு மாதச் செலவை அவசரத்துக்கென வைத்திருக்கச் சொல்கிறது. ஒருவரின் வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் வீட்டுக்கு ஆறு மாதமே பொருத்தம். உங்களுக்கு அது 40,800 வெள்ளி. வங்கியிலும் பத்திரத்திலும் சேர்த்து உங்களிடம் இருப்பது 41,000. அது சும்மா கிடக்கவில்லை. கணவரின் ஆகஸ்ட் மாதத்துக்குக் காவல் இருக்கிறது.

ஜனவரி இறுதியில் கணக்கைப் பாருங்கள். பயணப் பணம் மேற்சொன்ன வேகத்தில் சேர்ந்திருந்தால் முன்பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். அப்போது மகன் தொடக்கநிலை ஐந்தில் இருப்பார், அதற்கடுத்த ஆண்டுதான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. இரண்டாண்டு தள்ளினால் அந்தத் தேர்வு குறுக்கே வரும்.

முன்பதிவுக்கு முன் கணவரின் விசாவை முடியுங்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் 7 டாலர் மின்னியல் பயண அனுமதி போதும். அதைக் கனடிய அரசாங்க இணையத்தளத்திலேயே எடுங்கள், இடைத்தரகுத் தளங்கள் பல மடங்கு கேட்கும். இந்தியக் கடப்பிதழ் உள்ளவருக்கு வருகையாளர் விசா தேவை: கட்டணம் 100 டாலர், கைரேகைப் பதிவுக்கு 85 டாலர், காத்திருப்பு பல வாரங்கள் ஆகலாம். விசா கைக்கு வராமல், பணம் திரும்பக் கிடைக்காத விமானச் சீட்டை வாங்க வேண்டாம்.

காப்புறுதியை முன்பதிவு செய்யும் அன்றே எடுங்கள். மெடிஷீல்டு லைஃப் திட்டமோ மெடிசேவ் பணமோ கனடாவில் சிகிச்சைக்கு உதவாது. மகளுக்கு விஸ்லரின் மலைச் சைக்கிள் பூங்காவில் ஆசை என்று எழுதியிருந்தீர்கள். மலைச்சரிவில் சைக்கிளோட்டுவதை விலக்கி வைத்துள்ள காப்புறுதிகள் உண்டு, அந்த விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அங்கே கடையில் அட்டையை நீட்டும்போது சிங்கப்பூர் வெள்ளியில் கட்டவா என்று இயந்திரம் கேட்டால், கனடிய டாலரையே அழுத்துங்கள். சாதாரணக் கடன்பற்று அட்டை வெளிநாட்டுச் செலவுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கும் என்பதால், பல நாணயங்களை வைத்துக்கொள்ளும் அட்டை ஒன்றை மார்ச்சிலேயே திறந்து, மாதாமாதம் கொஞ்சமாகக் கனடிய டாலரை வாங்கிப் போட்டுவாருங்கள்.