கன்டெய்னருக்கு இடப்பக்கம் நின்றது என் தவறா?

கேள்வி: வத்தளையிலிருந்து கொழும்பு பொரளைக்கு தினமும் ஆல்டோ காரில் வேலைக்குப் போகிறேன். போன வாரம் ஒறுகொடவத்தைச் சந்தியில், சிவப்பு லைட்டில், ஒரு கன்டெய்னர் சற்று வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. இடப்பக்கம் இடம் இருந்ததால் பக்கத்தில் போய் நின்றேன். பச்சை விழுந்ததும் அது அவிசாவளை வீதிக்குத் திரும்பியது. பின்சக்கரம் என் பக்கத்துக் கதவை நசுக்கிவிட்டது. நின்ற காரை இடித்தவர்தானே குற்றவாளி? உடனே ஒருவர் ஓடிவந்து, பொலிசுக்குப் போகாமல் 30,000 ரூபாய் வாங்கித் தருகிறேன் என்று வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டார். நான் போடவில்லை. இப்போது அந்த வீதியில் ஓட்டவே பயமாக இருக்கிறது.

பதில்: கையெழுத்துப் போடாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். அந்த ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், சரி. ஆனால் எங்கே நின்றீர்கள் என்பதையும் பொலிசும் காப்புறுதி மதிப்பீட்டாளரும் கேட்பார்கள். நாற்பது அடிக் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர், முன்னால் இழுக்கும் ப்ரைம் மூவரோடு சேர்த்து ஏறக்குறைய 16 மீற்றர் நீளம். அது இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகாது. கூர்மையான திருப்பத்தில் மூன்று, நான்கு மீற்றர் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஒரு முழு லேனின் அகலம் அது. நேராக ஒட்டித் திரும்பினால் நடைபாதையில் ஏறிவிடும் என்பதால்தான் சாரதி முதலில் வலப்பக்கம் ஒதுங்குகிறார். நீங்கள் கண்ட இடம் அவர் திரும்புவதற்காக விட்டது.

அவர் உங்களைப் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. நம் நாட்டில் சாரதி வலப்பக்கம், உயரத்தில் இருக்கிறார். இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கும் சின்னக் கார் அவர் கண்ணுக்குப் படாது. வண்டி வளையத் தொடங்கியதும் இடப்பக்கக் கண்ணாடியில் கன்டெய்னரின் சுவர் மட்டும்தான் தெரியும். சாரதியின் முகம் அவருடைய கண்ணாடியில் உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. லேர்னர்ஸில், அதாவது சாரதிப் பயிற்சிப் பள்ளியில், ரிவர்ஸ் எடுக்கப் பழக்குகிறார்கள், ட்ரயல் எனும் ஓட்டப் பரீட்சைக்கு வேண்டியதைப் பழக்குகிறார்கள். துறைமுகம் உள்ள நகரத்தில் கார் ஓட்டப்போகிறவருக்கு ட்ரெய்லரின் பின்சக்கரம் எங்கே வரும் என்று ஒரு படம் கீறிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்ய அவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஆகவே சந்தியில் கன்டெய்னருக்கு இடப்பக்கம் நுழையாதீர்கள். ஒரேயொரு விலக்கு, அது வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பது. அப்போது இடப்பக்கமாகக் கடக்கலாம். ஆனால் வலது சிக்னல் மினுக்குவது மட்டும் போதாது. நேராகப் போவதற்கு நான்கு லைட்டையும் போடும் பழக்கம் பலரிடம் உண்டு. இடப்பக்க லைட்டை வேறொரு வேன் மறைத்தாலோ, பல்ப் எரிந்துபோயிருந்தாலோ உங்களுக்கு வலது சிக்னல் போலத்தான் தெரியும். அதனால் முன்சக்கரங்கள் வலப்பக்கம் முறுக்கியிருக்கின்றனவா, ப்ரைம் மூவரின் தலை வலப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதோடு உங்களுக்கு முன்னால் முழுக் காரும் போய் நிற்க வெற்றிடம் வேண்டும். பாதி வழியில், அதன் நடுப்பகுதிக்கு நேரே மாட்டிக்கொள்வதாக இருந்தால் கடக்கவே வேண்டாம். இதில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் பின்னாலேயே நில்லுங்கள்.

பின்னால் நிற்பதற்கும் அளவு உண்டு. அதன் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உங்கள் இருக்கையிலிருந்து தெரிய வேண்டும். ஏற்றத்தில் இன்னும் விட்டு நில்லுங்கள், பின்வாங்கும்.

முந்திய பிறகு அதன் முன்னால் வெட்டுவது அடுத்த ஆபத்து. மணிக்கு 50 கிலோமீற்றரில் உங்கள் கார் ஏறக்குறைய 35 மீற்றரில் நிற்கும் என்றால், பாரம் ஏற்றிய ட்ரெய்லருக்கு 45 மீற்றருக்கு மேல் வேண்டும். காற்றுப் பிரேக்கில் காற்று குழாய் வழியே கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேர அரை விநாடி பிடிக்கும், அதற்குள்ளேயே 7 மீற்றர் ஓடிவிடும். மழையில் எல்லாம் கூடும். உட்கண்ணாடியில் அதன் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரிந்த பிறகே அந்த லேனுக்கு வாருங்கள். வந்த பிறகு பிரேக் பிடிக்காதீர்கள்.

இனி அந்த ஆள். பெரிய சந்திகளில் இப்படியானவர்கள் விபத்து நடந்தவுடன் முளைத்துவிடுவார்கள், கூடவே தெரிந்த கராஜும் இழுவை வண்டியும் இருக்கும். அவர்கள் பேசுவது கதவின் விலையை மட்டும். கதவு நசுங்கிய காரில் முன், பின் கதவுகளுக்கு இடையிலுள்ள நடுத்தூண் வளைந்திருக்கலாம், சக்கரத்தின் அலைன்மென்ட் போயிருக்கலாம். அது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளைத் தாளில் கையெழுத்து இருந்தால் அதில் பிறகு என்ன எழுதப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. பொலிசில் மணிக்கணக்காகக் காக்கவைப்பதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. முறைப்பாட்டை விரைவாக எடுத்தால் இவர்களுக்கு வேலையே இருக்காது. எவ்வளவு எரிச்சலானாலும் அங்கேயே முறைப்பாட்டைப் பதியுங்கள்.

இன்னொரு தடவை நேர்ந்தால் யாருக்காவது காயமா என்று முதலில் பாருங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. காப்புறுதி அட்டையில் உள்ள எண்ணுக்கு அங்கிருந்தே அழையுங்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் சக்கரங்கள் நின்ற நிலை, எரியும் சிக்னல் லைட், சந்தி முழுவதும் தெரியும் படம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரைம் மூவருக்கு ஒரு இலக்கத் தகடு, ட்ரெய்லருக்கு வேறொன்று. பலர் முன்னாலுள்ளதை மட்டும் எடுத்துவிட்டு வருகிறார்கள், உங்கள் கதவில் பட்டதோ ட்ரெய்லரின் சக்கரம். இரண்டையும் எடுங்கள்.

போன வாரத்து விபத்துக்கு இந்தப் படங்கள் இல்லாவிட்டாலும், கதவை மாற்றுவதற்கு முன் மதிப்பீட்டாளர் காரைப் பார்க்கட்டும். இடைத்தரகர் மீண்டும் தொலைபேசியில் அழைத்தால் தொகை பேசாதீர்கள், அவருடைய எண்ணைக் காப்புறுதி நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள்.