மோனிக்காவுக்கு மூன்று பிள்ளைகள்

கேள்வி: எனக்கு 49 வயது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். கணவர் கத்தாரில், வருடத்துக்கு ஒருதரம்தான் வருவார். மூத்தவனுக்கு 23, கோட்டையில் வேலை. இரண்டு வருடமாகப் பூசைக்கு வருவதில்லை. கேட்டால், "நம்பிக்கை வருகுதில்லை அம்மா, நடிக்கச் சொல்லாதீங்க" என்கிறான். சின்ன வயதில் சுவாமிக்குப் பக்கத்தில் நின்று பூசைக்கு உதவிய பிள்ளை. ஞாயிறு காலையில் நான் சேலை கட்டிக்கொண்டு நிற்க, அவன் போனைப் பார்த்தபடி கட்டிலில் கிடக்கிறான். கோயில் வாசலில் எல்லோரும் "மகன் எங்கே?" என்று கேட்கிறார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாள், செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தானாம்.

எனக்கு முன்மாதிரி புனித மோனிக்கா. வழிதவறிப் போய்ப் பின்னாளில் புனிதரான மகன் அகுஸ்தீனாருக்காகப் பதினேழு வருடம் அழுது மன்றாடிய தாய். அவருடைய படத்துக்கு முன்னால் தினமும் இரவில் அழுது ஜெபிக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் உபவாசம், செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போய் வருவேன். மகனோடு ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டு எட்டு மாதம் ஆகிறது, சோற்றை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அப்போதாவது உறைக்காதா? சின்னவளால் ஒரு தொந்தரவும் இல்லை, 15 வயது, நான் அழுதால் பக்கத்தில் வந்து முழங்கால் போடுவாள், என்னோடு சேர்ந்து உபவாசமும் இருக்கிறாள், இப்போது மற்ற நாளிலும் பாணின் ஓரத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போதும் என்கிறாள், மெலிந்துதான் போனாள், போன மாதம் பள்ளியில் மயங்கி விழுந்தாள், மாதவிலக்கும் மூன்று மாதமாக வரவில்லை, ஓ.எல். பரீட்சைப் பயமாக இருக்கும். ஜெபப் புத்தகத்தின் பின்பக்கத்தில் "அண்ணா வரும்வரை" என்று எழுதி நாளுக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், அவ்வளவு பக்தி. ஆனால் இவன்? இவ்வளவு அழுதும் ஏன் மனம் இளகவில்லை? நான் எங்கே பிழை விட்டேன்?

பதில்: அன்புள்ள சகோதரி, மகனைப் பற்றிப் பிறகு பேசுவோம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் யோசித்தது சின்னவளைப் பற்றித்தான்.

"ஒரு தொந்தரவும் இல்லை" என்று தொடங்கி, ஒரே மூச்சில் நீங்கள் சொல்லிவிட்டுப் போனதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். மெலிவு, மயக்கம், நின்றுபோன மாதவிலக்கு, எண்ணி வைத்த கோடுகள். இதைப் பரீட்சைப் பயம் என்று விட முடியாது. இந்த வாரமே வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். சாப்பாட்டைக் குறைத்ததையும் மாதவிலக்கு நின்றதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவள் சொல்லமாட்டாள். மனநல வைத்தியரையும் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போங்கள்.

திருச்சபையே நோன்பை 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் கடமையாக்கியிருக்கிறது. அதுவும் வருடத்தில் இரண்டு நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். ஒரு 15 வயதுப் பிள்ளை வாரக்கணக்கில் பட்டினி கிடக்க யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அம்மாவின் கவனம் முழுக்க வழிதவறிய பிள்ளையிடம் போவதை அவள் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அண்ணா திரும்பினால் அம்மா அழமாட்டா, அதற்கு நான் பசி கிடந்தால் போதும் என்று அந்தச் சின்ன மனது கணக்குப் போட்டிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அது அவள் தூக்க வேண்டிய பாரமா?

உங்களுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் மோனிக்காவின் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அவருக்கு அகுஸ்தீனார் ஒரே பிள்ளை இல்லை. நவிஜியுஸ் என்று இன்னொரு மகன் இருந்தார், ஒரு மகளும் இருந்தாள். கி.பி. 387இல் உரோமைக்குப் பக்கத்துத் துறைமுகமான ஒஸ்தியாவில் மோனிக்கா கண்மூடியபோது நவிஜியுஸும் பக்கத்தில் நின்றார். அந்த மகள் பின்னாளில் கன்னியர் இல்லமொன்றை நடத்தினாள். நாம்தான் அவர்கள் இருவரையும் மறந்துவிட்டு, ஒரு மகனுக்காக அழுதுகொண்டே இருந்த தாயாக அவரை வரைந்து வைத்திருக்கிறோம்.

சாப்பாட்டு மேசை விஷயமும் அவர் வாழ்க்கையில் நடந்ததுதான். அகுஸ்தீனார், நன்மை தீமை என்று இரண்டு சக்திகளை நம்பிய மனிக்கேய மதத்துக்குப் போனபோது மோனிக்காவும் முதலில் அவரைத் தன் மேசையில் சேர்க்கவில்லை. பிறகு ஒரு கனவு கண்டார்: ஒளியான இளைஞன் ஒருவன் வந்து, நீ நிற்கும் இடத்தில்தான் உன் மகனும் நிற்கிறான், பார் என்கிறான். அதற்குப் பிறகு மகனை வீட்டில் சேர்த்து ஒன்றாகச் சாப்பிட்டார். மகன் அப்போது மனம் மாறியிருக்கவில்லை, அதற்கு இன்னும் பல வருடம் கிடந்தது. என் மகனோடு பேசுங்கள் என்று அவர் ஓர் ஆயரை நச்சரித்தபோதும், அவனை விடு, அவனுக்காக ஜெபி, அது போதும் என்றுதான் முதலில் பதில் வந்தது.

இன்னொன்று. பிறகு மகனைத் தேடி மோனிக்கா போய்ச் சேர்ந்த மிலான் நகரத்தில் அப்போது சனிக்கிழமை நோன்பிருப்பதில்லை. தன் ஊர் வழக்கப்படி இருப்பதா விடுவதா என்று மோனிக்கா குழம்பினார். மகன் போய் ஆயர் அம்புரோசியாரைக் கேட்டார். நான் உரோமைக்குப் போனால் சனிக்கிழமை நோன்பிருப்பேன், இங்கே இருக்கும்போது இருப்பதில்லை, போகிற இடத்து வழக்கத்தைப் பின்பற்றுங்கள் என்றார் அவர். மோனிக்கா கேட்டுக்கொண்டார். வேதசாட்சிகளின் கல்லறைக்கு அவர் அப்பமும் திராட்சை இரசமும் கொண்டுபோவது வழக்கம், அதை அம்புரோசியார் தடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் அதையும் விட்டார். இத்தனை வருடப் பக்திப் பழக்கத்தை, வேண்டாம் என்று சொன்னதும் விடுகிற மனம் அவரிடம் இருந்தது. கண்ணீரைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உங்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

நீங்கள் எங்கே பிழை விட்டீர்கள் என்று கேட்டீர்கள். மகன் விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பொய்யாக நடிக்க மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள், அது கெட்டுப்போன பிள்ளை சொல்கிற பேச்சில்லை. அழாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சின்னவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழ வேண்டாம். உபவாசத்தையும் அவளுக்கு உடம்பு தேறும்வரை நிறுத்துங்கள், ஏன் நிறுத்துகிறீர்கள் என்று அவளிடமே சொல்லுங்கள்.

இன்று இரவு மேசையில் மூன்று தட்டு வையுங்கள். மகனைக் கூப்பிடுங்கள், கோயில் பேச்சு வேண்டாம். சின்னவள் பசிக்கவில்லை என்பாள். சண்டை பிடிக்காமல், அழாமல் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, முதலில் நீங்கள் சாப்பிடத் தொடங்குங்கள். வைத்தியரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், இந்தமுறை அவளைப் பற்றி.