முஸ்கடே கேட்டால் முஸ்கா வந்தது

கேள்வி: பாரிஸில் வேலை பார்க்கிறேன். அடுத்த வாரம் அலுவலக நண்பர் குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார். சமைக்காமல் பச்சையாகச் சாப்பிடும் சிப்பியை அவர் கொண்டுவருவார். முஸ்கடே ஒயின் வாங்கிவைப்பது என் பொறுப்பு. சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு பாட்டில் எடுத்துவந்து, ஒன்றைத் திறந்து ருசி பார்த்தேன். சர்க்கரைப் பாகு போல இனிக்கிறது. போலியா? திருப்பிக் கொடுத்தால் பணம் தருவார்களா?

பதில்: போலி இல்லை. லேபிளை இன்னொரு முறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். நீங்கள் வாங்கியது முஸ்கடே அல்ல, முஸ்கா. அநேகமாக 'முஸ்கா த ரிவ்சால்ட்'. ஸ்பெயின் எல்லையோரம் பெர்பினியான் பக்கத்துச் சரக்கு. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் ஊற்றி நிறுத்திவிடுவார்கள். அதனால் இனிப்பு தங்கிவிடும். ஆல்கஹாலும் 15 சதவீதத்துக்குக் குறையாது.

முஸ்கடே இதற்கு நேர் எதிர். லுவார் ஆறு அட்லாண்டிக் கடலை எட்டும் இடத்தில், நாந்த் நகரைச் சுற்றி விளைகிறது. பெயர்தான் ஒத்துப்போகிறதே தவிர, அதில் முஸ்கா திராட்சை ஒன்றுகூடக் கிடையாது. 1709 குளிர்காலத்து உறைபனி அந்தப் பக்கத்துக் கொடிகளைக் கொன்றுபோட்டது. பிறகு அங்கே வேரூன்றியது, பர்கண்டியிலிருந்து வந்த, குளிர் தாங்கும் 'மெலோன்' என்ற வகை. அதிக மணமோ பழ ருசியோ இல்லாத திராட்சை அது. சிப்பிக்கு வேண்டியதும் அந்த அடக்கம்தான். சிப்பியில் கடலின் உப்பு முழுதாக இருக்கிறது. அதன்மேல் எலுமிச்சை பிழிந்தாற்போல் ஒரு வாய் புளிப்பு போதும். இந்த ஒயின் அதைத் தருகிறது. இனிப்பான முஸ்காவை வைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

கடையில் 'முஸ்கடே செவ்ர் எ மென்' என்ற பெயரையும், அதன் கீழே 'சூர் லீ' என்ற சொற்களையும் தேடுங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட், வண்டலாக அடியில் படியும். அதை வடிக்காமல், குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டுவைத்து பாட்டிலில் அடைத்தது என்று பொருள். நாக்கில் வைத்ததும் லேசாகச் சுருக்கென்று இருக்கும். ரொட்டி மாவின் வாசனை கொஞ்சம் வரும். நல்லதே பத்து யூரோவுக்குள் கிடைக்கிறது. கிளிசோன், கோர்ழ் என்று ஊர்ப் பெயர் போட்டவை கூடுதல் காலம் வண்டலில் கிடந்தவை. விலையும் கூடும், சுவையும் கனமாக இருக்கும். பச்சைச் சிப்பிக்கு அவை தேவையில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். சிப்பிக்கு வெங்காயம் போட்ட வினிகரை நண்பர் எடுத்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். வினிகர் பட்ட நாக்குக்கு எந்த ஒயினும் தண்ணீர்தான்.

சிப்பி சாப்பிடாதவர்களுக்கு வறுத்த மத்தி, வேகவைத்த கறுப்பு மட்டி, ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் ஒத்துப்போகும். நம் வீட்டுச் சமையலில், காரம் குறைத்த மீன் சொதியோடு தாராளமாக வைக்கலாம். புளி கரைத்த மீன் குழம்பு வேண்டாம்.

இனி உங்கள் பணம். தவறு உங்களுடையது என்பதால் சட்டம் துணைக்கு வராது. பிரான்சில் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை இணையம் போன்ற தொலைவிற்பனைக்கு உண்டு; கடையில் நேரே வாங்கியதற்கு இல்லை. திறக்காத பாட்டிலை ரசீதோடு கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள், சில கடைகள் மாற்றித் தரும். திறந்ததை வீணாக்காதீர்கள். மூடி வைத்து, விருந்தின் முடிவில் ரோக்ஃபோர் சீஸோடோ ஆப்ரிகாட் பழத் தார்த்தோடோ சின்னக் கோப்பையில் கொடுங்கள். வேண்டுமென்றே வாங்கியது போலவே இருக்கும்.

கேள்வி: வெள்ளை ஒயின் பாட்டிலின் அடியில் கண்ணாடித் துகள் போல ஏதோ கிடக்கிறது. கொட்டிவிடவா?

பதில்: வேண்டாம். திராட்சையின் புளிப்பு அமிலம் குளிரில் படிகமாகியிருக்கிறது. வெந்நீரில் போட்டுப் பாருங்கள், கரையும், கண்ணாடி கரையாது. கடைசி அரை அங்குலத்தை மட்டும் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.