கேள்வி – பதில்: எண்ணெயில் பாக்டீரியாவுக்கு என்ன வேலை?

கேள்வி: சிறிய அளவில் தயிரும் சீஸும் செய்கிறோம். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியா, லினோலெயிக் என்ற கொழுப்பு அமிலத்தைச் சி.எல்.ஏ. (கான்ஜுகேட்டட் லினோலெயிக் அமிலம்) ஆக மாற்றும் என்று படித்து, பாலில் சூரியகாந்தி எண்ணெய் கலந்து அந்தக் கல்ச்சரைப் போட்டோம். பாலில் இயல்பாக உள்ள சி.எல்.ஏ.வுக்கு மேல் எதுவும் இல்லை என்கிறது லேப் ரிப்போர்ட். கல்ச்சர் கெட்டுவிட்டதா?
– வாசகி, குன்னூர்

பதில்: கெட்டிருக்க வேண்டியதில்லை. முதல் சிக்கல் எண்ணெயில்தான். சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் நிறைய உண்டு. ஆனால் அது தனியாக இல்லாமல், கிளிசரால் என்ற பொருளோடு பிணைந்து கிடக்கிறது. பிளான்டாரத்துக்குத் தனி அமிலம் வேண்டும். கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற என்சைமைப் போட்டுப் பிரித்துக் கொடுக்காவிட்டால் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். பிரித்தாலோ சீஸில் சோப்பு வாடை அடிக்கும்.

அடுத்தது ஸ்ட்ரெயின், அதாவது ஒரே இனத்துக்குள் உள்ள தனி வகை. பிளான்டாரம் இதை ஒரே எட்டில் செய்வதில்லை. அமிலத்தோடு நீரைச் சேர்த்து ஹைட்ராக்சி அமிலமாக்கும்; ஹைட்ரஜனை எடுத்து இரட்டைப் பிணைப்பை நகர்த்தும்; ஹைட்ரஜனைத் திரும்பச் சேர்த்து, கடைசியில் நீரை வெளியேற்றும். கியோட்டோ பல்கலைக்கழகத்தார் இந்த வழியை விளக்கியது ஏ.கே.யூ. 1009ஏ என்ற ஸ்ட்ரெயினில். வேறொரு பிளான்டாரத்தில் இந்த என்சைம்களில் ஒன்று இல்லாமலோ மந்தமாகவோ இருந்தால் வேலை ஹைட்ராக்சி அமிலத்தோடு நின்றுவிடும். தயிர் மட்டும் நன்றாகவே உறையும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. 2003-இல் அயர்லாந்தில் வெளியான ஆய்வில் பிஃபிடோபாக்டீரியம் பிரீவே என்ற வேறொரு பாக்டீரியாவின் ஒரு ஸ்ட்ரெயின், மி.லி.க்கு 0.55 மி.கி. லினோலெயிக் அமிலத்தில் 65 சதவீதம் வரை மாற்றியது. ஆகவே கல்ச்சர் வாங்கும்போது இனப் பெயரோடு ஸ்ட்ரெயின் எண்ணையும் கேளுங்கள்.

பாலில் இறங்குமுன் டெஸ்ட் ட்யூபில் பாருங்கள். எண்ணெயை நீரில் கலக்க உதவும் ட்வீன் 80-இன் 2 சதவீதக் கரைசலில் மி.லி.க்கு 30 மி.கி. லினோலெயிக் அமிலம் கலந்து, வடிகட்டி, இருட்டில் உறைய வையுங்கள். 30 மி.லி. எம்.ஆர்.எஸ். ஊடகத்துக்கு (லாக்டிக் பாக்டீரியாவை வளர்க்கும் சத்துக் கரைசல்) இதில் 0.5 மி.லி. போதும். அதிகம் போட்டால் இந்த அமிலமே பாக்டீரியாவைக் கொல்லும். பிரீவே என்றால் 0.05 சதவீதம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் சேர்த்து, காற்றில்லாமல் 37 டிகிரியில் வையுங்கள். குன்னூர் அறை வெப்பத்தில் நடக்காது. சி.எல்.ஏ. ஒளியை உறிஞ்சும் 233 நானோமீட்டரில் அளந்து மகிழ்ந்துவிடாதீர்கள். காற்றுப்பட்டுக் கெட்ட லினோலெயிக் அமிலமும் அதே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சும். பாக்டீரியா போடாத ஒரு ட்யூபைப் பக்கத்தில் வைத்து, கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபியில் உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: கல்லூரி லேபில் 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்கிறோம். ஆனாலும் ஊடகத்தில் அடிக்கடி வேறு கிருமி வளர்கிறது. ஏன்?
– மாணவர், ஊட்டி

பதில்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம்; வெளிக் காற்றழுத்தம் குறைவு. அங்கே கேஜ் 15 காட்டினாலும் உள்ளே 117 டிகிரிதான் இருக்கும். கிருமிநீக்கத்துக்கு வழக்கமான 121 டிகிரி வர ஏறத்தாழ 18.5 பவுண்டு வேண்டும். உங்கள் கருவி அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்காது என்றால் அழுத்தத்தைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். உள்ளே உள்ள காற்று முழுக்க வெளியேறிய பிறகே வால்வை மூட வேண்டும்.

கேள்வி: எங்கள் ஹோட்டலில் மிஞ்சும் பொரித்த எண்ணெயிலிருந்து பாக்டீரியா மூலம் பிளாஸ்டிக் எடுக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: எடுக்கலாம், எந்த பாக்டீரியா என்பதுதான் விஷயம். குப்ரியாவிடஸ் நெகேட்டர் எச்16 தானே லைபேஸைச் சுரந்து எண்ணெயை நேரடியாகத் தின்னும். கிடைக்கும் பிளாஸ்டிக் விறைப்பானது, மடக்கினால் உடையும். சூடோமோனாஸ் புட்டிடா கே.டி.2440 தருவது மென்மையானது, இழுபடும். ஆனால் அது எண்ணெயைத் தொடாது. வடிகட்டிய பாமாயில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் காஸ்டிக் சோடா என்ற கணக்கில் சோப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும். அதை ஒரேயடியாகக் கொட்டினால் பி.ஹெச். ஏறும், காற்றூதும்போது நுரை பொங்கும், ஊடகத்திலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்துவிடும். பி.ஹெச். 7-ஐ ஒட்டி இருக்கும்படி சிறிது சிறிதாக ஊட்டுங்கள். நைட்ரஜன் தீர்ந்து கார்பன் மிஞ்சும்போதுதான் இரண்டுமே பிளாஸ்டிக்கை நன்றாகச் சேர்த்துவைக்கும். உரத்தை அள்ளிப் போட்டால் பாக்டீரியா பெருகுமே தவிரப் பொருள் வராது.

இதையெல்லாம் ஹோட்டல் கட்டடத்தில் செய்யாமல், லேப் உள்ள கல்லூரியோடு சேர்ந்து செய்யுங்கள். ‘சூடோமோனாஸ்’ என்று மட்டும் எழுதி வரும் கல்ச்சரை வாங்காதீர்கள். அது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இனமாக இருக்கலாம். எண்ணெயிலிருந்து ராம்னோலிப்பிட் என்ற நுரைப்பொருளைத் தரும், புண்ணிலும் நுரையீரலிலும் நோயையும் தரும்.