வாட்சனைத் தட்டி எழுப்பிய ஹோம்ஸ்

அன்புள்ள ஐயா,

நான் திண்டுக்கல் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் வாசிக்கும் பழக்கம் வரட்டும் என்று, பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் ஒன்றான ‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’டை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே தடங்கல். வாட்சனின் படுக்கையருகே வந்து நிற்கும் ஹோம்ஸ், ‘வெரி சாரி டு நாக் யூ அப், வாட்சன்’ என்கிறார். ஒரு மாணவன் ‘நாக் அப்’ என்று இணையத்தில் தேடினான். ‘ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குதல் – கொச்சை வழக்கு’ என்று முதலில் வந்தது. வகுப்பே சிரித்தது. நான் அந்த வரியைத் தாண்டிச் சென்றுவிட்டேன். நல்ல பொருளில் வழங்கிய ஒரு தொடர் பிற்காலத்தில் கெட்டுப்போய்விட்டதா? அடுத்த ஆண்டு அந்த வரியை விட்டுவிட்டு வாசிக்கலாமா?

– ஓர் ஆங்கில ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

விட வேண்டாம். அந்த வரியோடு கதையின் வாசலே போய்விடும். ஹோம்ஸ் அடுத்து என்ன சொல்கிறார் என்று பாருங்கள்: இன்று காலை எல்லோருக்கும் இதே கதிதான், முதலில் வீட்டுக்கார அம்மா திருமதி ஹட்சனை எழுப்பினார்கள், அவர் என்னை எழுப்பினார், நான் உங்களை எழுப்புகிறேன். மணி ஏழே கால். பயந்து நடுங்கிய ஓர் இளம்பெண் விடியலிலேயே கிளம்பி வந்து பேக்கர் தெரு வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறாள். அந்த ஒரு தட்டல் அறை அறையாக ஏறி வாட்சனின் கட்டில்வரை வந்துவிட்டது. கானன் டாயில் இதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்.

இங்கே ‘நாக் அப்’ என்றால் தட்டி எழுப்புதல், அவ்வளவுதான். நமக்கு விளக்கம்கூடத் தேவையில்லை. தட்டு, எழுப்பு என்று இரண்டு துண்டுகளையும் தமிழ் அப்படியே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தப் பொருள் 1660-களிலிருந்தே பதிவாகியிருக்கிறது. 1892-இல் இந்தக் கதை ஸ்ட்ராண்ட் இதழில் வந்தபோது லண்டன் வாசகர்களில் ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. அதைவிட, அது ஒரு தொழிலின் பெயர்.

இந்தத் தொழிலைப் பற்றி உங்கள் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ‘நாக்கர் அப்’ என்பவர் கூலிக்கு ஆட்களைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறவர். லங்காஷயரின் பஞ்சாலை ஊர்களிலும் லண்டன் துறைமுகப் பகுதியிலும் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய் நிற்க வேண்டும். தாமதித்தால் கூலியில் வெட்டு. அலாரம் கடிகாரம் ஏழைத் தொழிலாளிக்கு எட்டாத விலை. எனவே வாரத்துக்குச் சில பென்னிகள் வாங்கிக்கொண்டு, நீண்ட கழியின் நுனியில் கம்பிகளைக் கட்டி, மாடி ஜன்னல் கண்ணாடியை உராய்ந்து எழுப்பும் ஆட்கள் தெருத்தெருவாக நடந்தார்கள். பெண்களும் முதியவர்களும் இந்த வேலையில் நிறைய இருந்தார்கள். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற பெண் ஒரு குழலில் உலர்ந்த பட்டாணியை வைத்து ஊதி ஜன்னலில் அடிப்பார். அவர் குழலை உயர்த்தி நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வீட்டின் வெளிச்சுவரிலேயே ஒரு பலகைக்கல் பதித்திருப்பார்கள். சுரங்கத் தொழிலாளி தன் ஷிஃப்ட் நேரத்தைச் சாக்கட்டியால் அதில் எழுதிவிட்டுப் படுப்பார். சுரங்க நிர்வாகம் அமர்த்திய ஆள் வந்து பார்த்து எழுப்புவார்.

இரவுக் காவலில் இருந்த போலீஸ்காரர்களும் உபரி வருமானத்துக்காக இதைச் செய்தார்கள். 1888 ஆகஸ்ட் 31 விடியற்காலையில், லண்டன் ஒயிட்சேப்பலில் மேரி ஆன் நிக்கல்ஸ் என்ற பெண் தெருவில் கிடப்பதைப் பார்த்த இரு வண்டிக்காரர்கள் போலீஸ்காரர் ஜோனஸ் மைசனிடம் போய்ச் சொன்னார்கள். அவர் அப்போது வீடுவீடாக ஆட்களை எழுப்பிக்கொண்டிருந்தார். செய்தி காதில் விழுந்த பிறகும் அவர் அந்த வேலையைத் தொடர்ந்தாரா என்பது மரண விசாரணையில் கேள்வியாகவே எழுந்தது. பிற்பாடு ஜாக் தி ரிப்பர் கொலைகள் என்று பெயர்பெற்ற வழக்கு அது. அதன் சாட்சியத்தில் உங்கள் வகுப்பு சிரித்த அதே தொடர் இருக்கிறது.

இனி, எனக்கு மிகப் பிடித்த இன்னொரு பொருள். ‘நாக்டு அப்’ என்றால் 18, 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் களைத்து ஓய்ந்துபோதல் என்றும் பொருள். ‘அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது’ என்கிறோமே, அதுதான். ‘அப்’ இங்கே வேறு வேலை செய்கிறது. எழுப்பும்போது அது மேல்நோக்கிய அசைவு. ஓயும்போது அது மிச்சமின்றித் தீர்தல். ‘தின்று தீர்த்தான்’ என்பதில் ‘தீர்’ செய்கிற வேலை அது. ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ (1814) நாவலில், ஃபேனி ஒழுங்காக நடந்து பழகினால் இவ்வளவு சீக்கிரம் ‘நாக்டு அப்’ ஆகமாட்டாள் என்று ஒரு பேச்சு வருகிறது. இன்றைய பொருளை அங்கே கொண்டுபோய் வைத்தால் அந்தப் பெண்ணுக்கே அவதூறு.

இந்த இரண்டு பிரிட்டிஷ் பொருள்களையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில், ‘நாக்டு அப்’ ஆன திரு. வொப்சல் கடுங்கோபத்தில் இருந்ததாக ஒரு வரி. தூக்கத்தில் எழுப்பிவிட்ட எரிச்சல் என்று இதற்குப் பொருள் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும். கிறிஸ்துமஸ் இரவில் தப்பியோடிய கைதிகளைத் தேடிச் சதுப்பு நிலமெங்கும் அலைந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். சிறுவன் பிப் தூக்கக் கலக்கத்தில் அக்காள் கணவர் ஜோவின் முதுகில் இருக்கிறான். வொப்சல் தூங்கவே இல்லை, பிறகு அவரை யார் எழுப்புவது? நடந்து நடந்து ஓய்ந்த கோபம் அது. அகராதி இங்கே பாதி தூரம்தான் கூட வரும். மீதியை அந்தச் சதுப்பு நிலம்தான் சொல்லும்.

பயணக் குறிப்புகளில் இந்தச் சொல் நிறைய வரும். ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளுக்குச் சென்றவர்களின் நாட்குறிப்புகளில் குதிரைகள் ஓயாமல் ‘நாக்டு அப்’ ஆகின்றன. ஆனால் எல்லாவற்றிலும் கனமான உதாரணம், ஆப்பிரிக்காவில் பயணித்த ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனுடையது. 1873 ஏப்ரல் 27 அன்று, இன்றைய ஜாம்பியாவில், அவர் தன் நாட்குறிப்பில் கடைசியாக எழுதினார்: ‘நாக்டு அப் கொயட்’. முற்றிலும் ஓய்ந்துவிட்டேன், தங்கித் தேற வேண்டும், பால் ஆடுகள் வாங்க ஆளனுப்பியிருக்கிறேன், மோலிலாமோ ஆற்றங்கரையில் இருக்கிறோம். அதற்குமேல் ஒரு வார்த்தையும் இல்லை. மே 1 அன்று சிதம்போவின் கிராமத்தில் இறந்துகிடந்தார். சூசி, சூமா முதலான ஆப்பிரிக்கத் துணைவர்கள் அவர் உடலையும் அந்தக் குறிப்பேடுகளையும் பல மாதங்கள் சுமந்து நடந்து கடற்கரை சேர்த்தார்கள். அவர்கள் அப்படிச் சுமந்திருக்காவிட்டால் இந்த வரி நமக்குக் கிடைத்திருக்காது. இதை வாசித்துக் காட்டிவிட்டு அந்தத் தொடருக்குப் பொருள் கேளுங்கள். எந்த மாணவனும் சிரிக்கமாட்டான்.

மற்றப் பொருள்களுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். இருப்பதை வைத்து அவசரமாக ஒரு சாப்பாட்டையோ கொட்டகையையோ உருவாக்குவதும் ‘நாக் அப்’தான். டென்னிஸில் ஆட்டத்துக்கு முன் கை பழகுவதற்காகப் பந்தடிப்பதும் அதுவே.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கெட்டுப்போய்விட்டதா? இல்லை என்றே நினைக்கிறேன். முன்பு தூய்மையாக இருந்தது, பிறகு கறைபட்டது என்று சொல்வதற்குக் காலக்கணக்கு இடம் கொடுக்கவில்லை. கர்ப்பமாக்குதல் என்ற பொருள் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. அதாவது ஹோம்ஸ் வாட்சனை எழுப்புவதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் முன்பே. ‘நாக்’ என்ற வினை தனியாகவே உடலுறவைக் குறித்தது இன்னும் பழையது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதி இங்கிலாந்திலேயே அது உண்டு. பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே காலத்தில் வாழ்ந்தன. பின்னர் அமெரிக்கச் சினிமாவும் தொலைக்காட்சியும் அந்தக் கரைப் பொருளை உலகமெங்கும் கொண்டுபோயின. இங்கிலாந்தில் அலாரம் கடிகாரம் மலிந்து, எழுப்பும் தொழிலும் 20-ஆம் நூற்றாண்டில் மெல்ல மறைந்தது. உங்கள் மாணவனின் தேடலில் அமெரிக்கப் பொருள் முதலில் வந்து நின்றதற்கு இவைதான் காரணம். முதலில் வருவது மூலப்பொருள் என்று அவன் எண்ணியதைத்தான் திருத்த வேண்டும். அவன் தேடியதைக் குறை சொல்லாதீர்கள். தெரியாத சொல்லைக் கண்டதும் தேடுகிற பையன் எந்த வகுப்புக்கும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. இன்று அவர்கள் சொந்தமாகப் பேசும்போதோ எழுதும்போதோ எழுப்புவதற்கு ‘வேக் அப்’ போதும். ‘காலை ஆறு மணிக்கு என்னை நாக் அப் செய்யுங்கள்’ என்று ஓர் அமெரிக்கரிடம் ஒரு பெண் சொல்ல நேர்ந்தால் சங்கடம் அவளுக்குத்தான். பழைய நூலில் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும், புதிதாகக் கையாளும்போது தவிர்க்கத் தெரிய வேண்டும். பதினோராம் வகுப்பு வயதில் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம்.

பள்ளி நூலகத்துக்கு அகராதி வாங்கும் வாய்ப்பு வந்தால் இதையும் கவனியுங்கள். மாணவர்களுக்கான அகராதிகள் பெரும்பாலும் இன்று அதிகம் வழங்கும் பொருளை முதலில் தருகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பெரிய பதிப்பும் மெரியம்-வெப்ஸ்டர் காலேஜியேட்டும் பழைய பொருளிலிருந்து தொடங்குகின்றன. முதல் வகை பள்ளியில் ஏற்கெனவே இருக்கும். இரண்டாம் வகையில் ஒன்றாவது அலமாரியில் இருக்கட்டும். விலை குறைவு என்பதால் காலேஜியேட்டையே பரிந்துரைக்கிறேன்.

அன்புடன்.