பழைய நேஷனல் கிட்டாரை வாங்கும் முன் திறந்து பாருங்கள்

கேள்வி: லண்டன் டென்மார்க் தெருவில் உள்ள ஒரு கடையில், 1930-களில் நேஷனல் நிறுவனம் செய்த ‘டுவோலியன்’ மாதிரி உலோகக் கிட்டார் விற்பனைக்கு இருக்கிறது. அதில் எல்லாமே அசல் என்கிறார்கள். ஸ்லைடு முறையில் (கம்பிகள் மேல் உருளையை நகர்த்தி) வாசிப்பதற்காக அதை வாங்கலாமா? எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: கம்பிகளைத் தளர்த்தி, முன்தட்டைக் கழற்றி உள்ளே காட்டக் கடைக்காரர் இசைந்தால் வாங்கலாம். மறுத்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தக் கிட்டாரின் குரல் உலோக உடலிலிருந்து பிறப்பதில்லை. முன்தட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய அலுமினியக் கூம்பிலிருந்து பிறக்கிறது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில், இசைக்குழுவின் ஊதுகருவிகளுக்கு நடுவே கிட்டாரும் கேட்க வேண்டும் என்பதற்காக ஜான் டோபியேராவும் ஜார்ஜ் போஷாமும் லாஸ் ஏஞ்சல்ஸில் உருவாக்கிய அமைப்பு இது. அதே போஷாம் சில ஆண்டுகளில் மின்கிட்டார் உருவாக்கத்திலும் முன்னோடியானார்.

டுவோலியனில் ஏறத்தாழ ஒன்பதரை அங்குல விட்டமுள்ள ஒற்றைக் கூம்பு இருக்கும். அதன் உச்சியில் ‘பிஸ்கட்’ எனப்படும் வட்ட மரத்துண்டு உட்கார்ந்திருக்கும். கம்பிகளின் அதிர்வு அதன் வழியாகவே கூம்புக்கு இறங்கும். கூம்பு நசுங்கியோ, உச்சியில் அமுங்கியோ, விளிம்பில் கிழிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பிற்காலத்தில் மாற்றிய கூம்பாக இருந்தால் கிட்டார் நன்றாகவே ஒலிக்கக்கூடும். ஆனால் அப்போது ‘எல்லாமே அசல்’ என்ற சொல் பொருந்தாது. விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

அடுத்து வருவது கழுத்து. நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். உடல் உலோகமானாலும் கழுத்து மரம். அதன் நீட்சியான ஒரு மரத்தண்டு கூம்புக்கு அடியில் உடலுக்குள் ஓடுகிறது. பல பத்தாண்டுகள் கம்பிகளின் இழுப்பைத் தாங்கியதில் கழுத்து மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து, பன்னிரண்டாம் பிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கம்பிகள் உயர்ந்து நிற்கலாம். ஸ்லைடு மட்டும் வாசிப்பவருக்கு ஓரளவு உயரம் நல்லதே. ஆனால் அந்த உயரத்தை மறைப்பதற்காகக் கம்பிகள் அமரும் சேடிலைச் சிலர் இழைத்துத் தாழ்த்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கம்பிகள் கூம்பை அழுத்தும் விசை குறைந்து, ஒலி சோர்ந்துவிடும். ஆகவே சேடிலின் உயரத்தையும் கழுத்தின் சாய்வையும் சேர்த்தே பாருங்கள். கழுத்தைத் திரும்பச் சீராகப் பொருத்த முடியும். அந்தச் செலவைக் கணக்கிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

அது உண்மையில் டுவோலியன் மாதிரிதானா என்று அறிய ஒரு சிறு காந்தமே உதவும். டுவோலியனின் உடல் எஃகு என்பதால் காந்தம் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். நேஷனலின் பிற மாதிரிகளான, நிக்கல் பூசிய பித்தளையாலான ஸ்டைல் ஓ-விலோ, ஜெர்மன் சில்வரில் செய்த மூன்று கூம்பு மாதிரியிலோ அப்படிப் பற்றாது. (ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது.) டுவோலியன் மேற்பூச்சு பெரும்பாலும் உறைபனி படர்ந்தது போன்ற கோலத்தில் இருக்கும், வழவழப்பாக இருந்தால் மறுபூச்சு நடந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். தொடர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டுவோலியனில் பெரும்பாலும் அது ‘சி’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும்.

கழுத்தின் பின்புறம் உருண்டையா சதுரமா என்பதையும் கவனியுங்கள். சதுரக் கழுத்துக் கருவியை மடியில் கிடத்தி, நம் கோட்டுவாத்தியத்தைப் போலக் கம்பிகள் மேல் உருளையை நகர்த்தித்தான் வாசிக்க முடியும். விரலாலும் அழுத்தி வாசிக்க விரும்பினால் உருண்டைக் கழுத்தே உங்களுக்கு உரியது. சந்தையில் அதற்கே விலையும் அதிகம்.

ஒலி மட்டும் போதும், பழமை முக்கியமில்லை என்றால், 1989 முதல் கலிபோர்னியாவில் நேஷனல் ரெசோ-ஃபோனிக் நிறுவனம் இதே அமைப்பில் புதிய கிட்டார்களைச் செய்துவருகிறது. முடிந்தால் புதியது ஒன்றை முதலில் வாசித்துவிட்டு, அந்த ஒலி காதில் இருக்கும்போதே டென்மார்க் தெருவுக்குச் செல்லுங்கள்.