பழைய அனலாக் ரிசீவர்: எடைக்குப் போடுவதற்கு முன்

பரணில் கிடைத்த இரண்டு அனலாக் சாட்டிலைட் ரிசீவர்களில் ஏதாவது சேனல் வருமா, இல்லை எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேனல் வராது நண்பரே. இந்தப் பெட்டிக்குப் புரிவது எஃப்.எம். முறையில் வரும் படம் மட்டும். இப்போது வருவதெல்லாம் டிஜிட்டல். ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

இவற்றின் டியூனர் பொதுவாக 950 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 1750 வரையாவது போகும். அமெச்சூர் ரேடியோக்காரர்களின் 1240–1300 பட்டை அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. பக்கத்தில் யாராவது அந்தப் பட்டையில் எஃப்.எம். டிவி அனுப்பினால், பொருத்தமான ஆன்டெனாவைச் செருகினாலே படம் தெரியும். ஆனால் எல்.என்.பி.க்காக (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் சின்னக் கருவி) அந்த சாக்கெட்டில் 13 அல்லது 18 வோல்ட் வந்துகொண்டிருக்கும். நான் ஒருமுறை யோசிக்காமல் லூப் ஆன்டெனாவை நேராக மாட்டினேன். ஷார்ட் ஆகி, ரெகுலேட்டர் கருகிய வாடை இரண்டு நாள் போகவில்லை. நடுவில் ஒரு டி.சி. பிளாக் (சிக்னலை விட்டு, அந்த வோல்டேஜை மட்டும் தடுக்கும் சின்ன இணைப்பு) அவசியம்.

அனுப்புகிறவர் யாரும் இல்லையா? டிஷ், எல்.என்.பி. இருந்தால் சூரியன் பக்கம் மெல்லத் திருப்பிப் பாருங்கள். சிக்னல் மீட்டர் முள் ஏறும். சூரியனின் ரேடியோ இரைச்சல்தான் அது. பளபளப்பான டிஷ் வேண்டாம், வெயில் குவிந்து எல்.என்.பி. உருகிவிடும்.

டிஷ் மோட்டார் டெர்மினல் இருக்கிற பெட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் 36 வோல்ட் சப்ளை இருக்கும். சோலார் பேனலைத் திருப்ப நினைத்தால் பழைய ஆக்சுவேட்டரோடு (டிஷ்ஷைத் திருப்பும் மோட்டார் தண்டு) அப்படியே உதவும்.